அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல!

ஜிம்மில் சேரும்போது ஒரு ஃபாரம் நீட்டுவார்களே, அதை முழுசாகப் படித்தவர்கள் கை தூக்குங்கள். (தோள்பட்டை வலிக்கிறதா? பரவாயில்லை, மனசுக்குள் தூக்குங்கள்.)

நான் படித்தேன். பெயர், வயது, எடை எல்லாம் கொட்டை எழுத்தில். எடைக்கு நேரே மட்டும் கொஞ்சம் கற்பனை வளத்தோடு எழுதினேன். கடைசியில் கடுகு சைஸில் ஒரு வரி: 'பயிற்சியின்போது எனக்கு ஏற்படும் காயம், ஊனம், மரணம் எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டில் நம் கையெழுத்து.

கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு மனப்பூர்வம் கிடையாது.

"இதுல கையெழுத்துப் போடலாமா?" என்று மனைவியிடம் கேட்டேன். "ஒரு வருஷப் பணத்தைக் கட்டிட்டு மூணே நாள் போகப்போற உங்களுக்கு என்ன காயம் படப்போகுது? பட்டா பர்ஸுக்குத்தான்" என்றாள். தீர்க்கதரிசி. நாலாம் நாள் எனக்கு ஜலதோஷம்.

ஆனால் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி மாமா அப்படியில்லை. பேங்க்கில் வேலை பார்த்து ரிடயரானவர். வயசு அறுபத்தாறு. 'தசைக்குக் கொஞ்சம் பலம் வேணும், லேசா எக்ஸர்சைஸ் பண்ணுங்க' என்று டாக்டர் சொன்னதை ரிசர்வ் வங்கி சர்க்குலர் மாதிரி எடுத்துக்கொண்டு, காலை ஆறு மணிக்கு டாணென்று பக்கத்துத் தெரு ஜிம்மில் ஆஜராவார். தலைக்கு மேல் தொங்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுவரை இழுக்கிற மெஷின் இருக்கிறதல்லவா, அதுதான் அவருக்கு இஷ்டம்.

ஒருநாள் அந்த மெஷினின் இரும்புக் கயிற்றில் இழை பிரிந்து துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பயிற்சியாளர் தம்பியிடம் சொன்னார். "பாத்துக்கலாம் அங்கிள்" என்றான். மாமா விடவில்லை. அங்கே யோசனைப் புத்தகம் என்று ஒன்று தூசி படிந்து தொங்கியது. அதில் தேதி, நேரம் போட்டு, 'கயிறு பழுது, மாற்றவும்' என்று எழுதி, பழக்க தோஷத்தில் கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டு வந்தார். தன் வார்த்தைக்குத் தானே மரியாதை கொடுத்து இரண்டு நாள் அந்த மெஷின் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள், "அதெல்லாம் சரி பண்ணியாச்சு அங்கிள், உக்காருங்க" என்றான் தம்பி.

எட்டாவது இழுப்பில் கயிறு அறுந்தது. கம்பி தோளில் இறங்க, மாமா பின்னால் சாய, காறை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆபரேஷன், உள்ளே பிளேட், ஆறு வாரம் தூளி. ஆஸ்பத்திரி பில் ஒன்றே முக்கால் லட்சம். ஜிம் தரப்பிலிருந்து வந்தது அரை டஜன் ஆப்பிளும், இரண்டு மாத மெம்பர்ஷிப் இலவச நீட்டிப்பும். உடைந்த தோளோடு இன்னும் இரண்டு மாதம் வந்து எடை தூக்கச் சொல்கிறார்கள்!

நான்தான் போய்ப் பேசினேன். உரிமையாளர் நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார். டீ எல்லாம் சொன்னார். "எக்ஸர்சைஸ்னா அடி படத்தான் ஸார் செய்யும். ரிஸ்க்னு தெரிஞ்சுதானே வந்தாரு? ஃபாரத்துல கையெழுத்துகூடப் போட்டிருக்காரே" என்றார்.

என் வக்கீல் நண்பரிடம் வந்து சொன்னேன். கட்சிக்காரர்களிடம் மணிக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிறவர், என்னிடம் மட்டும் ஃபில்டர் காபிக்கு மேல் கேட்பதில்லை. "அந்த ஆள் சொன்னதுல பாதி கரெக்ட். பாதி கரெக்டா இருக்கறதுதான்யா பெரிய தொந்தரவே" என்றார்.

அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

லத்தீனில் ஒரு வாசகம் உண்டு. 'வாலன்ட்டி நான் ஃபிட் இஞ்சூரியா.' கேட்டால் அண்ணா நகரில் புதுசாகத் திறந்த ஜிம் பெயர் மாதிரி இருக்கிறது. அர்த்தம், தெரிந்து ஒப்புக்கொண்டவன் பிறகு நஷ்டம் கேட்க முடியாது என்பது. நம் ஊர் குற்றச் சட்டத்திலும் இது வேறு ரூபத்தில் இருக்கிறது. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர் மாறி 25-வது பிரிவாகிவிட்டது, சரக்கு அதேதான். சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: இரண்டு பேர் பொழுதுபோக்காக வாள் வீசி விளையாடச் சம்மதிக்கிறார்கள். நேர்மையாக ஆடும்போது ஒருவன் மற்றவனைக் காயப்படுத்திவிட்டால் குற்றமில்லை. ஆனால் போங்காட்டம் கூடாது. ('போங்கு' என்பது என் மொழிபெயர்ப்பு. இதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரிந்து கிடையாது.) கொல்லவோ கொடுங்காயப்படுத்தவோ நினைத்து அடிக்கக் கூடாது. சம்மதிக்கிறவனுக்குப் பதினெட்டு வயது தாண்டியிருக்க வேண்டும்.

நியாயம்தானே? இல்லையென்றால் கபடியில் காலைப் பிடித்தவன் மேலெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட வேண்டியிருக்கும். 1962 மார்ச்சில் பார்படோஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை உடைத்தது. உயிர் பிழைத்ததே பெரிய பாடு. எதிரணி கேப்டன் ஃபிராங்க் வோரல் ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் அதன்பின் டெஸ்ட் ஆடவில்லை. 1998 பிப்ரவரியில் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற ரமன் லாம்பா பந்து பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனார். பந்து வீசியவரையோ அடித்தவரையோ யார் கோர்ட்டுக்கு இழுக்க முடியும்? பந்து வேகமாக வரும் என்பதுதான் அந்த ஆட்டம்.

சும்மா தெருவில் நின்றவர்கள் கதையே சமயத்தில் இப்படித்தான். 1947-ல் மான்செஸ்டர் பக்கம் ஒரு கிளப் மேட்ச். ஒருவர் அடித்த சிக்ஸர் வேலியைத் தாண்டிப் போய், தன் வீட்டு வாசலில் நின்றிருந்த ஒரு பெண்மணி மேல் பட்டது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1951-ல் தீர்ப்பு. முப்பது வருஷத்தில் ஏறக்குறைய ஆறு தடவைதான் பந்து அந்த வேலியைத் தாண்டியிருக்கிறது, இவ்வளவு அபூர்வமான ஆபத்துக்குக் கிளப்பைக் குற்றம் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷத்தில் ஆறு! எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு முன்னாலேயே ஆறு கண்ணாடி.

போங்காட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. கண்டன் - பாஸி என்று 1985-ல் முடிந்த ஓர் இங்கிலாந்து வழக்கு. உள்ளூர்க் கால்பந்து. பந்து போன பிறகு ஆளை மிதித்தார் ஒருவர், கால் உடைந்தது. மிதித்தவர் 4,900 பவுண்டு எண்ணி வைக்க வேண்டியதாயிற்று.

"சரி, மீதிப் பாதி?" என்றேன். நண்பர் காபியை ஆற்றிக்கொண்டே குத்துச்சண்டைக்குப் போனார்.

குத்துச்சண்டையில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் யார் மேல் கேஸ் போடுவது? விழ வைப்பதுதானே அங்கே வேலை! வடசென்னையில் சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதிய காலத்தில் யாராவது நோட்டீஸ் அனுப்பியிருப்பார்களா?

1991 செப்டம்பர் 21. லண்டனில் மைக்கேல் வாட்ஸனும் கிறிஸ் யூபாங்க்கும் மோதினார்கள். பதினோராவது சுற்றில் வாட்ஸன் யூபாங்க்கைக் கீழே தள்ளினார். எழுந்த யூபாங்க் அந்தச் சுற்று முடிவதற்குள் மோவாயில் ஒரு குத்து விட்டார். வாட்ஸனின் பின்தலை கயிற்றில் மோதியது. அடுத்த சுற்றில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வாட்ஸன் நினைவிழந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு.

இதுவரை நடந்தது ஆட்டம். இதற்கப்புறம் நடந்ததுதான் வழக்கு.

டாக்டர் ஒருவர் வந்து பார்க்கவே சுமார் ஏழு நிமிஷம். மூச்சுக்கு உதவும் கருவியோடு மேடை ஓரத்தில் ஆள் இல்லை. முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் மூளை அறுவை சிகிச்சைப் பிரிவே கிடையாது. அங்கிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி. மூளைக்கு ஆக்ஸிஜன் போகாத ஒவ்வொரு நிமிஷமும் ஒரு கையையோ காலையோ எடுத்துக்கொண்டு போகும் என்கிறார்கள். நாற்பது நாள் கோமா, ஆறு ஆபரேஷன். பிழைத்தார், சக்கர நாற்காலியில்.

வாட்ஸன் வழக்குப் போட்டார். யூபாங்க் மேல் இல்லை. ஆட்டத்துக்கு விதிமுறை வகுக்கிற பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் மேல். 'நான் குத்து வாங்கச் சம்மதித்தேன். மூச்சுத் திணறும்போது ஏழு நிமிஷம் காத்துக் கிடக்கச் சம்மதிக்கவில்லை' என்பதுதான் அவர் கேட்டதன் சாராம்சம். 1999-ல் ஜெயித்தார். 2000 டிசம்பரில் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார். வாரியத்துக்கு இதற்கெல்லாம் இன்ஷூரன்ஸ் இல்லை. கடைசியில் 2001-ல் நாலு லட்சம் பவுண்டுக்கு சமரசம். அவர் வாழ்க்கைக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். 2003-ல் லண்டன் மாரத்தானை ஆறு நாளில் நடந்தே முடித்தார். முடிவுக் கோட்டில் பக்கத்தில் நடந்து வந்தவர் யார் தெரியுமா? அதே யூபாங்க்!

ஆக, கோர்ட் கேட்கிற கேள்வி 'யார் அடித்தது?' அல்ல. 'பக்கத்தில் நிற்க வேண்டியவன் எங்கே போனான்?' என்பதுதான். அதே காலத்தில் இங்கிலாந்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ரக்பி ஆடும்போது கழுத்தெலும்பு முறிந்து படுத்தான். தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்கும் 'ஸ்க்ரம்' திரும்பத் திரும்பச் சரிந்தும், சின்னப் பையன்களுக்கான பாதுகாப்பு விதிகளை நடுவர் அமல்படுத்தவில்லை. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுப்பைத் தூக்கி விசில் வைத்திருந்தவர் தலையில் வைத்தது. நம் ஜல்லிக்கட்டுக்கு 2017-ல் வந்த விதிகளிலும் மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ் எல்லாம் கட்டாயம். காளை முட்டுவது ஆட்டத்தில் சேர்த்தி. வண்டி வராமல் இருப்பது சேர்த்தி இல்லை.

ஜிம் கயிறும் அந்த ஜாதிதான். மாமா எடை தூக்கிச் சுளுக்கிக்கொண்டால், அது அவர் சம்மதித்தது. எண்பது கிலோவை 'நான் பாத்துக்கறேன்' என்று வீம்புக்குத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டாலும் கேட்கக் கூடாது. ஆனால் பிரிந்த கயிற்றை மாற்றாமல் 'உக்காருங்க' என்று சொன்னதற்கு அவர் எங்கே சம்மதித்தார்?

"அந்தக் கையெழுத்து?"

"இங்கிலாந்துல 1977 சட்டம் ஒண்ணு இருக்கு. ஒரு வியாபாரி தன்னோட கவனக்குறைவால உயிர் போனாலோ உடம்புக்குக் காயம் வந்தாலோ பொறுப்பில்லேன்னு எழுதி வாங்கித் தப்பிக்க முடியாது. காகிதம் செல்லாது. இங்கே அவ்வளவு பளிச்சுனு ஒரு வரி இல்லே. ஆனா 2019 நுகர்வோர் சட்டத்துல 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒரு சங்கதி வந்திருக்கு. அதனால ஃபாரத்தைக் காட்டினதும் கேஸ் ஓடிடாது. அவன் வாதாடட்டும், இவரும் வாதாடட்டும்."

மாமாவிடம் போய் உற்சாகமாகச் சொன்னேன். அவர் தூளிக்குள் கையை வைத்துக்கொண்டு, "கோர்ட் கேஸெல்லாம் நமக்கெதுக்குப்பா? பகவான் தலையில போடாம தோள்ல போட்டானே. உடம்பு தேறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அந்தப் பயிற்சியாளர் தம்பி சொன்னபோது இவருக்கு வந்த கோபம் எனக்கு இப்போது வந்தது. எனவே டெல்லி நீச்சல் குளத்தின் கதையைச் சொன்னேன்.

1972 ஆகஸ்ட். டெல்லியில் ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல். ஜெர்மன் விமானக் கம்பெனி ஒன்றின் துணை விமானி அங்கே தங்கியிருந்தார். ஓட்டல் குளத்தில் டைவிங் பலகை இருந்தது. பலகை இருந்தால் கீழே அதற்கேற்ற ஆழம் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? குதித்தார். தலை தரையில் மோதியது. கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. 1975-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஐம்பது லட்ச ரூபாய் கேட்டு வழக்கு. சாட்சி, வாய்தா, சாட்சி, வாய்தா. 1985-ல் அவர் இறந்துபோனார். வழக்கு சாகவில்லை, வாரிசுகளோடு நடந்தது. 1997-ல் நீதிபதி ஆர்.சி. லஹோட்டி (பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர்) தீர்ப்பளித்தார். குளத்தின் அமைப்பில் குறை, ஓட்டல்தான் பொறுப்பு, கேட்ட ஐம்பது லட்சத்தையும் கொடு. இவ்வளவு காசு வாங்குகிற ஓட்டலுக்கு அதற்கேற்ற ஜாக்கிரதையும் வேண்டும் என்கிற ரீதியில் அருமையான தீர்ப்பு. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

ஓட்டல் மேல்முறையீடு போனது. அதே உயர் நீதிமன்றத்தின் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், விமானி வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார். உடம்பில் பட்ட காயத்துக்கான உரிமை அந்த உடம்போடு முடிந்துவிடும் என்பது நம் பழைய சட்டம். (காயத்தாலேயே சாவு நேர்ந்தால் கணக்கு வேறு.) இருபத்தைந்து வருஷம் கோர்ட்டில் ஓடி, கடைசியில் கையில் ஒன்றும் இல்லை.

எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. பதின்மூன்று வருஷம் அசையாமல் கிடந்த மனுஷன், சீக்கிரம் செத்துப்போன குற்றத்துக்காகத் தோற்றிருக்கிறார்!

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு எவ்வளவு டயம் இருக்கு?" என்றார். மாமி உள்ளேயிருந்து "என்ன பேச்சு இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்று சத்தம் போட்டாள். அவர் கேட்டது கேஸுக்கு.

இரண்டு வருஷம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். தான் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். நாம் கட்டிய ஜிம் கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. ஐந்து லட்சத்துக்கு மேல் ஜிம்மில் கட்டுகிறவர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார். வக்கீல் கட்டாயமில்லை, தானே வாதாடலாம். (என் நண்பர் இந்த வரியை அடிக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன்.) முதலில் விவரம் கேட்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. பணம் கட்டிய சேவைக்குத்தான் இதெல்லாம். மாநகராட்சிப் பூங்காவில் இலவசமாகச் சுற்றுகிற சக்கரத்தில் விரல் மாட்டினால் நுகர்வோர் ஆணையம் கிடையாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் நடக்க வேண்டும்.

பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள், பார்த்தவர்களின் பெயர், அறுந்த கயிற்றின் போட்டோ எல்லாம் வேண்டும் என்று பட்டியல் சொன்னேன். மாமா சிரித்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், கயிற்றையும் யோசனைப் புத்தகத்தில் தான் எழுதிய பக்கத்தையும் இடது கையால் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் மறுநாளே காணாமல் போனது வேறு விஷயம். முப்பத்தெட்டு வருஷம் வவுச்சர் பார்த்த மனுஷரிடமா! நோட்டீஸைத் தமிழில் அவரே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்.

பெரியவர்களாவது பரவாயில்லை, கையெழுத்துப் போடும் அளவுக்கு வயசானவர்கள். கோடை முகாம்களில் குழந்தைகளுக்கு அப்பா அம்மாவிடம் எழுதி வாங்குகிறார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. நீச்சல், ஸ்கேட்டிங், கராத்தே எல்லாவற்றுக்கும் ஒரே ஃபாரம், அதே கடுகு வரி. வரிசையில் பின்னால் நிற்பவர் இடிக்கிறாரே என்று படிக்காமல் போட்டுவிட்டு வருகிறோம். குளம் எவ்வளவு ஆழம், ஒரு நேரத்தில் எத்தனை குழந்தை, முதலுதவி தெரிந்தவர் யார் என்று கேட்டால் 'ஓவரா பண்றாங்க' என்று பெயர்.

போன கோடையில் என் தங்கை தன் பெண்ணை நீச்சலுக்குச் சேர்க்கப் போனாள். கேட்டேவிட்டாள். "லைஃப் கார்டு யாருங்க?"

கவுன்டரில் இருந்தவர் ஃபாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் வேணாம் மேடம். ஆதார் கார்டு போதும்" என்றார்.

மருமகள் இப்போது செஸ் கற்றுக்கொள்கிறாள்.